முப்பத்து மூன்றாவது நிமிஷம்

நாற்பது. திரையின் மூலையில் சிவப்பு எண் ஓட ஆரம்பித்துவிட்டது, இனி அது சைபரைத் தொடும்வரை நானும் மசூது பாயும் இந்த இரண்டு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இருமக் கூடாது, கால் மாற்றிப் போடக் கூடாது, முக்கியமாகப் பேசக் கூடாது. பேசினால் காற்று அசையும், காற்று அசைந்தால் மேஜை அசையும், மேஜை என்பது நாலு டன் கருங்கல், அதைக் காற்றுத் தலையணைமேல் மிதக்கவிட்டிருக்கிறோம், ஆனாலும் அசையும், நாங்கள் அளப்பது அப்படிப்பட்ட அசைவை. ஏசியை நிறுத்தியாயிற்று, லிஃப்டை நிறுத்தியாயிற்று, மேலே வராந்தாவில் சங்கிலி கட்டி 'படம் எடுக்கிறோம், நடக்காதீர்கள்' என்று போர்டு மாட்டியாயிற்று. சுவர்க்கடிகாரத்தை, அதன் முள் துடிக்கிறது என்று, போன வருஷமே கழற்றிவிட்டோம். இவ்வளவுக்கும் மேல் ஏதாவது நடுங்கிப் படம் கெட்டால் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும், காரணம் எழுதாமல் யாரும் இந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. லாரி. இடி. பக்கத்துக் கம்பெனியில் ஜெனரேட்டர். ஒரு தடவை 'தும்மல், தேவசகாயம்' என்று எங்கள் தலைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலை பதினொன்றரை மணிக்கு ஓசூரில் இத்தனை அமைதி இந்த நிலவறையில்தான் கிடைக்கும், முந்தாநாள்வரை இந்த நாற்பது நிமிஷம் எனக்குப் பிடித்த நேரம், வீட்டில் என்னைச் சும்மா உட்காரவிட்டவர் யார். இன்றைக்கு வெள்ளை உடுப்புக்குள் முதுகில் வியர்வை இறங்குகிறது. துடைக்க முடியாது. முப்பத்தெட்டு. மசூது பாயின் கண்கள் மட்டும் தெரிகின்றன, தலை உறை, வாய் உறை, நடுவில் அந்த இரண்டு கண், திரையைப் பார்க்கின்றன. என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் நல்லது.

இங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று தம்பி கதிரேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டான், அவனுக்குப் புதுக்கோட்டையில் டயர் கடை, சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் படம் பிடிக்க ஒரு கருவி செய்கிறோம், மலைமேல் இருக்கிற தொலைநோக்கியில் பொருத்துவார்கள் என்றேன். "அப்ப நட்சத்திரத்தைப் பாக்குறீங்க" என்றான். இல்லடா, நட்சத்திரத்தை மறைக்கிறோம், அது கிரகத்தைவிடக் கோடி மடங்கு, நூறு கோடி மடங்கு வெளிச்சம், அது கண்ணைக் கூசவைத்தால் பக்கத்தில் இருப்பது தெரியாது, அதனால் நட்சத்திரம் விழுகிற இடத்தில் ஒரு கரும்புள்ளி வைக்கிறோம், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு அகலம், மிச்சம் கசிகிற வெளிச்சத்தை ஒரு வளையும் கண்ணாடி சரிசெய்யும், அதன் முதுகில் ஆயிரம் ஊசி முட்டிக்கொண்டிருக்கும் என்று நான் அடுக்கிக்கொண்டே போக அவன் குறுக்கே, "ஏக்கா, அப்பா கைய வச்சு மறைப்பாரே, அதானே?" என்றான். அதேதான். அப்பா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். சாயங்காலம் விளக்குப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்க, உள்ளங்கையை நீட்டி முகவிளக்கை மட்டும் மறைப்பார், கைக்கு மேலே நம்பர் தெரியும். இருபத்தாறு வருஷம் அந்தக் கை. நான் இவ்வளவு படித்து, இவ்வளவு பேர் சேர்ந்து, அந்தக் கையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். முப்பத்து நாலு. கூடவே அப்பாவின் கண்ணாடியும் நினைவுக்கு வருகிறது. வேண்டாம். அது வேண்டாம்.

கரும்புள்ளியைச் செய்தவர் மசூது பாய். கடையநல்லூர்க்காரர், எங்கள் பூச்சு அறை என்றால் அவர், அவர் என்றால் பூச்சு அறை. வெற்றிடத் தொட்டிக்குள் கண்ணாடிச் சில்லை வைத்து உலோகத்தை ஆவியாக்கிப் படலம் படலமாக இறக்க வேண்டும், பத்தொன்பது நாள், ஒவ்வொரு மணிக்கும் நோட்டில் குறிப்பு. அப்படி இறக்கிய கரும்புள்ளிச் சில்லுதான் மறைப்பு, பேச்சில் மாஸ்க். முதல் மறைப்பு ஊசித்துளை விழுந்து கெட்டது. இரண்டாவதும். மூன்றாவது தேறியபோது பாய் அறைக்கு வெளியே வந்து நின்றார், வாய் உறையை இறக்கிச் சிரித்தார், அவ்வளவுதான். போன மாதம் மேற்பார்வைக் குழு கூடி எழுதிவிட்டது, மூன்றாவதும் குறையென்றால் மறைப்பை வெளிநாட்டில் வாங்கிக்கொள்வது, பூச்சு அறையை மூடுவது. பூச்சு அறையை மூடினால் பாய் எங்கே போவார் என்று குழு எழுதவில்லை, அது குழுவின் வேலை இல்லை. நேற்றுத்தான் படத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. மேஜையில் எங்கள் பொய் நட்சத்திரம், ஒரு விளக்குமுனை, மறைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, கண்ணாடி வளைந்து வளைந்து கசிவைக் கழித்தது, கழிந்த இருட்டில் வலப்பக்கம் கீழே ஒரு புள்ளி, சின்னதாக, அசையாமல். எல்லோரும் கை தட்டினார்கள், மேஜை ஓய்வில் இருந்ததால் தட்டலாம். தட்டியதற்குக் காரணம், இங்கே ஒரு வழக்கம் உண்டு. கருவி மலைக்குப் போகும் முன் தேவசகாயம் சார் ஒருவருக்கும் தெரியாமல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொய்க் கிரகத்தை ஒளித்துவைப்பார், வைக்காமலும் இருப்பார், வைத்த இடத்தை எழுதி உறையில் ஒட்டி மேஜை டிராயரில் பூட்டிவிடுவார், நாங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் உறை பிரியும். அந்தப் புள்ளி சார் ஒளித்ததாக இருக்கலாம். அல்லது மறைப்பில் இருக்கிற குறையாகவும் இருக்கலாம், குறையும் பார்வைக்குக் கிரகம் மாதிரியே இருக்கும், அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. பிரித்துப் பார்க்க வழி ஒன்றுதான். மறைப்பை அது பொருத்திய கூட்டோடு முப்பது டிகிரி திருப்பிவைத்து மறுபடி படம் எடுப்பது. புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தால் கிரகம். மறைப்போடு சேர்ந்து புள்ளியும் திரும்பினால் குறை. காலையில் டீ குடித்துவிட்டு வெளியே கிளம்பும்போது சார் சொன்னார், "திரும்பிடுச்சுன்னா மசூது பாய் மாஸ்க்குல மறுபடி ஓட்டைதான். அப்புறம் நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல, மேடம்." பாய் அங்கேதான் இருந்தார், டீயை ஆற்றிக்கொண்டு. முப்பது.

அது ஓட்டை இல்லை. எனக்குத் தெரியும். தெரியுமா? தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்றே கால், பாய் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வரும் நேரம், நான் மட்டும் மைக்ராஸ்கோப்பில். மறைப்பின் ஓரத்தில் ஒரு தூசி. தூசியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுதியதே நான். தொடாதே, பதிவேட்டில் எழுது, பூச்சு அறைக்குச் சொல், நைட்ரஜனால் ஊது, போகாவிட்டால் கழுவலாமா என்று இரண்டு பேர் சேர்ந்து முடிவெடு. நான் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். ஏன்? மறுநாள் பார்வைக்குக் குழு வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அதெல்லாம் இல்லை. எனக்கு அழுக்கைப் பார்த்தால் கை பறக்கும், வீட்டில் விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இலையைச் சுற்றித் துடைக்கிறவள், என் மகள் கேலி செய்வாள், "அம்மா, நீ துடைச்சதுல சுவர்ல இருந்த பூவே போயிடுச்சு." முதல் இழுப்பில் தூசி போகவில்லை. இரண்டாவது இழுப்பில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது, நற என்று, மணலில் பல் படுகிற மாதிரி, மிகச் சின்னதாக. தூசி போய்விட்டது. அப்போது நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகப் பார்ப்பதுதான் என் தொழில், அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மறைப்பைப் பெட்டியில் வைத்து மூடினேன், பதிவேட்டில் எழுதவில்லை, பாய் வந்து "எல்லாம் சுத்தந்தானே மேடம்?" என்று கேட்டபோது சுத்தம் என்றேன். நேற்றுப் புள்ளி தெரிந்த இடம் அந்த ஓரம். எல்லோரும் கை தட்டும்போது நானும் தட்டினேன். இருபத்தாறு. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, இங்கே எறும்பு வராது, மரத்துப்போகிறது, அவ்வளவுதான்.

வேண்டாம் என்றால் கேட்கிறதா. அப்பாவின் கண்ணாடி வந்து நிற்கிறது, கறுப்பு பிரேம், கனமான சில்லு, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு ஒன்பது வயது, கதிரேசனுக்கு ஏழு. அம்மா செங்கல் பொடியும் புளியும் போட்டு விளக்குத் தேய்ப்பாள், தேய்த்தால் பொன்னாகப் பளபளக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், நான் அவர் கண்ணாடியை எடுத்துச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன், அப்பா எழுந்து பார்த்து அரசி என்று கூப்பிட்டுக் கொஞ்சுவார் என்று, எவ்வளவு ஆசையாகத் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் சில்லு பூராவும் மசங்கல். துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அப்பா வந்து கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு எதுவுமே கேட்கவில்லை, அவருக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார், இரண்டு நாள் அப்படியே வேலைக்குப் போனார், "என்னன்னு தெரியல, வெளக்கெல்லாம் ஒண்ணு ரெண்டாத் தெரியுது" என்று அம்மாவிடம் சொன்னார், மூன்றாம் நாள் மதுரை பஸ்ஸின் நம்பரைத் தப்பாக எழுதிவிட்டு மெமோ வாங்கினார். மெமோவோடு வந்தவர் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எவன்டா இதுல தேச்சது?" கதிரேசன் கையில் அந்த நேரம் பார்த்துச் செங்கல், வண்டி ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் யாரையும் அடித்ததில்லை. ரூல்தடியால் அடித்தார். அவன் "நான் இல்லப்பா, நான் இல்லப்பா" என்று கத்தினான், என்னைப் பார்த்துக் கத்தவில்லை, என்மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி முடிந்ததும் சொல்லலாம் என்று நின்றேன், முடிந்த பிறகு எதற்குச் சொல்வது என்று ஆகிவிட்டது. இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. போன தை மாதம் அவன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறான், "நான் சின்ன வயசுல படுவால், அப்பா கண்ணாடிய செங்கல் பொடி போட்டுத் தேச்சுட்டேன், வாங்குனேன் பாருங்க பூசை!" தேய்த்துவிட்டேன் என்கிறான். எல்லோரும் நீதான் நீதான் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அது ஞாபகமாகிவிட்டது. செங்கல் பொடி விரலில் படுகிற மாதிரி கூடக் காட்டினான். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், செம்பு தளும்பித் தரையெல்லாம் தண்ணீர், உடனே துணி எடுத்துத் துடைத்தேன்.

பதினேழு. பாயின் கண் இமைக்கிறது, மெதுவாக, இமைத்தால்கூட மேஜை அசையுமோ என்கிற மாதிரி. கணக்காகப் பார்த்தால் இப்போது சொல்வதற்கு என்ன இருக்கிறது? படம் வரட்டும். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தால் அது சார் ஒளித்த கிரகம், என் கீறல் எங்கேயோ பாதகமில்லாத மூலையில் கிடக்கிறது என்று அர்த்தம், சொல்லி யாரை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும். திரும்பியிருந்தால் சொல்லிவிடுவேன். அப்போதே சொல்லிவிடுவேன். சார் வந்து பார்த்ததும். சார் பாயைக் கேட்டதும். பாய் பதில் சொல்வதற்கு முன்னால். அல்லது சொன்ன பிறகு. பார்த்தாயா, தள்ளிக்கொண்டே போகிறது. அப்பா கேட்டால், அடி முடிந்தால், இந்த வாய்தா எனக்குப் புதிதில்லை. பேசக் கூடாது என்று விதி இருக்கிறது, எவ்வளவு வசதியான விதி, அதையும் நான்தான் எழுதினேன். பதினாலு. மலைமேல் இந்தக் கருவியைப் பொருத்துவார்கள், யாரோ ஒருவர், நான் முகம் பார்க்காதவர், குளிரில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்து, ஓரத்தில் ஒரு புள்ளி கண்டு, ஐயோ கண்டேன் என்று அழப்போகிறார், அது என் பஞ்சுக் குச்சி. இல்லை, அவ்வளவு தூரம் போகாது, நடுவில் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்ததும் பூச்சு அறையை மூடுவார்கள், எப்படியும் யாரோ ஒருவர் வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் போகிறார், அது நானாக இருக்காது. பதினொன்று. படம் சொன்ன பிறகு சொன்னால் அது படம் சொன்னது. நான் சொன்னதாகாது. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பயமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பேருக்கு வழிகாட்டியாக இருந்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொடுத்த பிறகு, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் போல இருக்கிறது. இங்கே தூண் இல்லை. எட்டு. வாயைத் திறந்தால் முப்பது நிமிஷப் படம் போச்சு, சார் பகல் ஒரு மணிக்கு வந்து கேட்பார், போகட்டும். ஏழேகால்.

"பாய்," என்றேன்.

திரையில் நடுக்கத்தைக் காட்டும் கோடு துள்ளியது. பாய் திடுக்கிட்டுத் திரும்பினார், கை தானாகவே வாய் உறைமேல் போனது, உஷ் என்று. அவர் இந்த அறையில் ஒரு நாளும் விதி மீறியதில்லை.

"போனாப் போகட்டும், பாய். அந்தப் புள்ளி உங்க ஓட்டை இல்ல. மூணு வாரத்துக்கு முந்தி, புதன்கிழமை, நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப நான் மாஸ்க்கத் தொட்டேன். பஞ்சுக் குச்சியால தேய்ச்சேன். ரெண்டாவது தடவை நறன்னு ஒரு சத்தம். எழுதி வைக்கல. நீங்க கேட்டீங்க, சுத்தம்னு பொய் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணில் கோபம் வருவதற்கு முன்னால் வேறு என்னவோ வந்தது, கணக்குத் தப்பிப்போன ஆள் மாதிரி விழித்தார்.

"இல்லியே மேடம்," என்றார். "அது நாந்தானே."

"என்ன சொல்றீங்க?"

"நேத்துப் புள்ளியப் பாத்ததும் வீட்டுக்குப் போய் என் நோட்டத்தான் பொரட்டுனேன். பத்தொம்பது நாளும் வரி வரியாப் பாத்தேன். பதினோராம் நாள் ரெண்டு செகண்டு கரண்டு மினுங்கிருக்கு மேடம், நானே எழுதி வச்சிருக்கேன். அந்த எடத்துலதான் படலம் விட்டுப்போயிருக்கும்னு..." நிறுத்தினார். "என் தப்புத்தான்னு லெட்டர் எழுதி சார் மேசமேல வச்சிட்டுத்தான் கீழ எறங்குனேன். அவுங்க கேட்டு நாஞ் சொல்றதவிட நானே சொல்லிரலாம்னு."

கதிரேசன் விரலைத் தேய்த்துக் காட்டிச் சிரித்தது கண்முன் வந்தது. ஒரே ராத்திரியில், யாரும் அடிக்காமலே, இவருக்கு அது ஞாபகமாகிவிட்டிருக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் கடையநல்லூரில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார், ரெண்டு செகண்டு மினுங்கிச்சு, என் கவனக்கொறவு, அதோட வேல போச்சு என்று.

"எடுத்துருங்க பாய். சார் ஒரு மணிக்குத்தான் வருவார். மேல போன உடனே அந்த லெட்டர எடுத்துருங்க."

"கரண்டு மினுங்குனது நெசந்தானே மேடம்."

"மினுங்கட்டும். அது கீறாது."

திரையில் ஓடிய எண்ணை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பாய் எழுந்தார், எழக் கூடாத நேரத்தில் எழுந்தார், மரத்த காலை இரண்டு தடவை தரையில் உதைத்துக்கொண்டார், அந்த அறையில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதேயில்லை. "மூணு வாரம்," என்றார், என் பக்கம் திரும்பாமல். "மூணு வாரம் எனக்கு முன்னால டீ குடிச்சிருக்கீங்க." அது கோபம். வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, வாய் உறை நனைந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது.

சைபர். படம் வந்தது. நட்சத்திரமும் கசிவும் எல்லாம் கலங்கி ஒரு திட்டு, புள்ளி நின்றதா திரும்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது, நாளைக்கு மறுபடி எடுக்க வேண்டும். பாய் அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார், தூசி உதிராத நீலத்தாளில் தைத்தது, பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார், பேனாவை அதன்மேல் வைத்தார். முதலில் மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்துக்குப் போய் அந்தப் புதன்கிழமையையும் மூன்றே கால் மணியையும் பஞ்சுக் குச்சியையும் எழுதினேன், பிந்தி எழுதியது என்று தேதி போட்டேன். மேலே போனதும் தேவசகாயம் சாருக்குப் போன் செய்ய வேண்டும். அதற்கப்புறம் கதிரேசனுக்கு. ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருந்தால் இருந்துவிடுவேன், இன்றைக்கே, கடையில் டயர் சத்தத்துக்கு நடுவில் கேட்டாலும் சரி. பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்தேன். முப்பத்து மூன்றாவது நிமிஷம், நடுக்கம். காரணம் என்ற கட்டத்தில் மேலே யாரோ எழுதிய லாரி, அதற்கும் மேலே ஓர் இடி. எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது.

பேச்சு. மங்கையர்க்கரசி.